கோப்புப் பெட்டியும் இடம் மாறிய பாஸ்புக்குகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் இருக்கிற கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நடந்தது இது. பழைய கொச்சி சமஸ்தானத்தின் சித்தூர் தாலுகா. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது கேரளத்தோடு போனது. வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான் பேச்சு. தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லைக்கு இரண்டு பக்கமும் நடப்பதால், ஒரே குடும்பத்தில் அப்பாவின் சான்றிதழ் வில்லேஜ் ஆபீஸிலிருந்தும், அம்மாவுடையது பொள்ளாச்சிப் பக்கத்துத் தாலுகா அலுவலகத்திலிருந்தும் வந்திருக்கும். ஒன்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால். கணினிக்கு இந்த இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

அங்கே ஓர் ஆன்லைன் சர்வீஸ் கடை. நடத்துபவர் ஒரு பெண்மணி. கூடவே பாலிடெக்னிக் முடித்த ஓர் இளைஞர். கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஓர் அறக்கட்டளை, அந்த வட்டாரத்து விண்ணப்பங்களைப் பதிவேற்றும் வேலையை இந்தக் கடையிடம் கொடுத்திருந்தது. கடைக்கென ஆபரேட்டர் லாகின் உண்டு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் என நான்கு கோப்புகள் ஏற்ற வேண்டும்.

பொள்ளாச்சியில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிற என்னை, தவறு வெளியில் வந்த பிறகு, நடந்ததை ஆராய்ந்து சொல்லும்படி அறக்கட்டளைக்காரர்கள் கேட்டார்கள். கடைக்காரரும் சம்மதித்தார். பெயர்களை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையைச் செய்கிற கடைகள் எல்லைக்கு இருபுறமும் நிறைய இருக்கின்றன.

கருவி உருவான விதம்

விண்ணப்ப விவரங்கள் ஏற்கெனவே எக்செலில் இருந்தன. அதே விவரத்தைத் திரும்பவும் பெட்டி பெட்டியாகத் தட்டுவது வீண் என்று இளைஞருக்குத் தோன்றியது. நியாயமான எண்ணம். ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் நிரல்) எழுதி, குரோம் உலாவியில் கட்டளை தட்டும் இடமான கன்சோலில் ஓட்டிப் பார்த்தார். பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் நிரம்பின. இடையில் ஒரு சிக்கல்: எக்செல் எண்களில் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்கக் கணக்கு எண்களின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிப்போனது. அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றிச் சரிசெய்தார். மாநிலத்தைத் தேர்ந்தால் மாவட்டப் பட்டியல் வர வேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை; மதிப்பை மாற்றினால் மட்டும் போதாது, மாறிவிட்டது என்ற செய்தியையும் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடித்து அதையும் சேர்த்தார். கெட்டிக்காரர்.

கோப்புப் பெட்டியில்தான், அதாவது படிவத்தில் கோப்பைத் தேர்ந்து இணைக்கிற இடத்தில்தான், வேலை நின்றது. அதன் மதிப்பாகக் கோப்பின் முகவரியைக் கொடுத்தால் பிழைச் செய்தி வந்தது. அந்தப் பெட்டியில் நிரல் எழுதக்கூடிய ஒரே மதிப்பு வெற்று மதிப்புதான், அதாவது இருப்பதைக் காலி செய்யலாம், நிரப்ப முடியாது. சரி, பொத்தானையாவது நிரலே அழுத்தட்டும் என்று பார்த்தால், பயனரின் செயல் இல்லாமல் கோப்பு தேர்வுச் சாளரம் திறக்காது என்று குரோம் மறுத்தது.

இந்தத் தடை ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ குரோமின் குறைபாடு என்று எடுத்துக்கொண்டார். உண்மையில், படிவத்தின் வழியாகக் கோப்பு அனுப்பும் முறையை முன்வைத்த 1995-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1867 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்திலேயே, பயனர் வெளிப்படையாக அனுப்பச் சொல்லாத எந்தக் கோப்பையும் உலாவி அனுப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறது. ஒரு வலைப்பக்கம் தானே முகவரியை எழுதிக்கொள்ள முடிந்தால், நீங்கள் செய்தி படிக்கப் போன பக்கம் உங்கள் கணினியில் இருக்கிற ஆதார் நகலைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விடும். முப்பது வருடமாக உலாவிகள் விடாமல் காத்து வருகிற வரம்பு இது.

காரணம் தெரியாததால் அவர் வரம்பைச் சுற்றிக்கொண்டு போனார். மவுஸையும் கீபோர்டையும் தானாக இயக்குகிற ஒரு மேக்ரோ மென்பொருளைப் போட்டார். அது திரையில் குறிப்பிட்ட இடத்தில் சொடுக்கும். இரண்டு விநாடி காத்திருக்கும். திறந்த சாளரத்தில் மாணவரின் ஃபோல்டர் முகவரியைத் தட்டி என்டர் அடிக்கும். பிறகு கோப்பின் பெயரைத் தட்டி மறுபடி என்டர். ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஃபோல்டர். உள்ளே கோப்புகளின் பெயர்கள் எல்லோருக்கும் ஒன்றே: போட்டோ.ஜேபிஜி, பாஸ்புக்.ஜேபிஜி என்று. மேக்ரோ எழுத அதுதான் வசதி.

கவனிக்கப்பட்டது

பல நாட்கள் ஒழுங்காக ஓடியது. மாணவியின் அம்மா ஒருவர், சமர்ப்பித்த விண்ணப்பத்தின் பிரிண்ட் வாங்கக் கடைக்கு வந்தார். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தவர். தாளை வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“ஏனுங்க, இது எங்க பாஸ்புக் இல்லீங்களே. எங்க கணக்கு சித்தூர்லீங்க. இதுல வேற ஊர் பேருல்ல போட்டிருக்குது?”

இளைஞர் திரையைத் திருப்பிக் காட்டினார். “பாஸ்புக்.ஜேபிஜின்னு சரியாத்தான் ஏறியிருக்குதுங்க்கா.” கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். அது இந்தப் பெண்ணுக்கு முந்தைய வரிசை எண்ணில் இருந்த மாணவரின் பாஸ்புக்.

“தம்பி, அந்த மெஷின நிறுத்து. இனி ஒண்ணுகூடப் போகக் கூடாது.”

அந்த நிமிடமே நிறுத்தியதுதான் சேதத்தைக் குறைத்தது. அன்று மாலையே சமர்ப்பித்த எல்லா விண்ணப்பங்களையும் பிரிண்ட் எடுத்து, மூலத் தாள்களோடு ஒப்பிட்டார்கள். இன்னும் மூன்றில் அதே தவறு. மூன்றிலும் தட்டச்சான கணக்கு எண் சரியாக இருந்தது, இணைத்த பாஸ்புக் மட்டும் முந்தைய ஆளுடையது. இப்படியே போயிருந்தால் எண்ணும் நகலும் பொருந்தவில்லை என்று சரிபார்ப்பில் தள்ளுபடி ஆகியிருக்கும். அதைவிட எனக்குக் கனமாகப் படுவது, ஒரு வீட்டின் கணக்கு எண்ணும் முகவரியும் படமும் இன்னொரு வீட்டின் கையில் பிரிண்டாகப் போனது.

ஏன் அப்படி நடந்தது

மேக்ரோவை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஸ்கேன் செய்த கோப்புகள் கடையின் பழைய கணினியில் இருந்தன. நெட்வொர்க் வழியாக எடுக்க வேண்டும். அந்தக் கணினி திணறும்போது கோப்பு தேர்வுச் சாளரம் இரண்டு விநாடிக்குள் திறப்பதில்லை. மேக்ரோ அதைப் பார்ப்பதில்லை. தட்டிய ஃபோல்டர் முகவரி பின்னால் இருந்த வலைப்பக்கத்தின் மேல் விழுந்து வீணாகும். அதற்குப் பிறகு சாளரம் திறக்கும், கடைசியாகத் திறந்திருந்த ஃபோல்டரிலேயே திறக்கும். ஒரு மாணவருக்கு முதலில் ஏறும் கோப்பின்போது அது முந்தைய மாணவருடையது. அடுத்து மேக்ரோ ‘பாஸ்புக்.ஜேபிஜி’ என்று தட்டி என்டர் அடிக்கும். அந்தப் பெயரில் அங்கே ஒரு கோப்பு இருக்கத்தான் செய்கிறது. பிழைச் செய்தி எதற்கு வரப்போகிறது?

பக்கத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்கவும் வழி இல்லை. நீங்கள் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்தால் அதன் பெயர், அளவு, வகை, கடைசியாக மாற்றிய நேரம், உள்ளடக்கம் இவை மட்டுமே பக்கத்துக்குக் கிடைக்கும். உங்கள் கணினியில் எந்த ஃபோல்டரில் இருந்தது என்பதை உலாவி மறைத்துவிடும். பெட்டியின் மதிப்பைக் கேட்டால் ‘சி:\ஃபேக்பாத்\’ என்று ஒரு பொய் முகவரியை முன்னால் ஒட்டிக் கோப்பின் பெயரைச் சொல்லும். முழு முகவரியை எதிர்பார்த்து எழுதப்பட்ட பழைய தளங்கள் உடையாமலிருக்க வைத்த ஏற்பாடு. வலைப்பக்கங்கள் எழுதப்படும் மொழியான எச்டிஎம்எல்லின் இன்றைய வரையறையிலேயே இருக்கிறது. பயனரின் கணினிப் பெயர், ஃபோல்டர் அமைப்பு தளத்துக்குத் தெரியக் கூடாது என்பது நல்ல நோக்கம்.

ஆனால் இந்தக் கடையில் யாருடைய கோப்பு என்கிற அடையாளம் முழுவதும் ஃபோல்டரின் பெயரில் இருந்தது. கோப்பின் பெயரில் ஒன்றுமில்லை. உலாவி மறைக்கிற பகுதியில் போய் அடையாளத்தை வைத்துவிட்டார்கள். இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் முடிவு. சாளரம் தாமதமாகத் திறந்தது தூண்டுதல் மட்டுமே. ஆளே கையால் இணைத்திருந்தாலும், எல்லாம் ‘பாஸ்புக்.ஜேபிஜி’ என்று இருக்கும்வரை, களைத்துப்போன ஒரு மாலையில் இதே தவறு நடக்கும். திரையும் அதை இதேபோல் மறைக்கும்.

எடுத்த முடிவுகள்

முதல் வேலை, சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்குச் சொல்வது. கடைக்காரர் போனில் சொல்லி முடித்துக்கொள்ளாமல் நேரில் போனார். இடம் மாறிய பிரிண்டுகளைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். அறக்கட்டளைக்கு அன்றே எழுதினார். அவர்கள் அந்த விண்ணப்பங்களைத் திருத்தத் திறந்துவிட்டார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அவருக்குப் பெரிதாகத் தெரியாது. தெரியாமலே சரியானதைச் செய்தார்.

அடுத்தது, தானியக்கம் தொடரலாமா என்ற கேள்வி. சீசன் பாதியில் இருந்தது. கையால் மட்டும் செய்தால் கடைசித் தேதி தாண்டிவிடும் என்று கடையில் பயந்தார்கள். இளைஞர் முன்வைத்த யோசனை, காத்திருப்பை இரண்டு விநாடியிலிருந்து பத்து ஆக்குவது. அதை ஏற்கவில்லை. தவறு நடக்கும் தடவைகள் குறையும், நடக்கிற தவறு தெரியாமலே இருக்கும். அரிதாக நடப்பதை யாரும் தேட மாட்டார்கள் என்பதால் அது இன்னும் மோசம்.

உலாவியின் பாதுகாப்பை முடக்கித் திறக்கும் தேர்வு ஒன்று இருக்கிறதே என்று அவருடைய நண்பர் சொல்லியிருந்தார். அது வெவ்வேறு தளங்களுக்கு இடையே உள்ள தடுப்பை எடுக்குமே தவிர, கோப்புப் பெட்டியைத் திறந்துவிடாது. பயனும் இல்லை, அதே உலாவியில் திறந்திருக்கும் வங்கிப் பக்கமும் காவலில்லாமல் நிற்கும்.

மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது, தொழில்நுட்பமாகச் சாத்தியமும்கூட. கோப்பின் முகவரியை நிரல் கொடுக்க முடியாது, ஆனால் உள்ளடக்கம் நிரலின் கையில் இருந்தால், அதிலிருந்து ஒரு கோப்புப் பொருளை உருவாக்கிப் பெட்டியில் வைக்கலாம். டேட்டாடிரான்ஸ்ஃபர் என்கிற அமைப்பு அதற்கு இடம் தருகிறது. இதில் வரம்பு எதுவும் மீறப்படவில்லை, வட்டைத் தொடும் உரிமை பக்கத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளடக்கத்தை உலாவிக்குள் கொண்டுவர, கடைக் கணினியிலேயே ஒரு சிறிய சர்வரை ஓட்ட வேண்டியிருக்கும். எல்லாருடைய சான்றிதழ்களையும் எடுத்துக்கொடுக்கும் சர்வர் ஒன்று நாள் முழுக்க ஓடுவதை நான் விரும்பவில்லை. அதைக் கவனமாகக் கட்டும் அனுபவம் கடையில் இல்லை.

படிவத்தையே விட்டுவிட்டு, லாகின் குக்கியை (உள்ளே நுழைந்தவர் யார் என்று உலாவி வைத்திருக்கும் அடையாளத் துணுக்கை) எடுத்து நேரடியாகத் தளத்தின் சர்வருக்குக் கோப்பை அனுப்பலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. பக்கம் செய்கிற சரிபார்ப்புகள் எல்லாம் தாண்டப்படும். அதைப் பேச்சோடு விட்டோம்.

எடுத்த முடிவு வெப்டிரைவர், அதாவது உலாவியை வெளியிலிருந்து நிரலால் இயக்கும் முறை. இதற்குக் கொஞ்சம் வரலாறு உண்டு. வலைத்தளங்களைத் தானாகச் சோதிக்க 2004-ல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் என்ற கருவி, ஆரம்பத்தில் பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்டாக இருந்தது. அதனால் இந்த இளைஞர் முட்டிய அதே சுவர்களில் அதுவும் முட்டியது. பிறகு சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர், பக்கத்துக்கு உள்ளேயிருந்து அல்லாமல் வெளியிலிருந்து உலாவியிடம் பேசியது. 2018-ல் அது, வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாகவே ஆனது. கணினியின் உரிமையாளர் தானே டிரைவரை நிறுவி, தானே உலாவியைத் திறக்கச் சொல்லும்போது, கோப்பைக் கொடுப்பது வலைப்பக்கம் அல்ல, உரிமையாளர். அதனால் கோப்புப் பெட்டிக்கு முகவரியை விசைகளாக அனுப்பினால் உலாவி ஏற்றுக்கொள்கிறது. தேர்வுச் சாளரம் திறப்பதே இல்லை. முக்கியமாக, அந்த முகவரியில் கோப்பு இல்லையென்றால் பிழை சொல்லி நின்றுவிடும். மேக்ரோவிடம் இல்லாத குணம் அது.

இதற்கு முன் அறக்கட்டளையிடம் அனுமதி கேட்கச் சொன்னேன். வெப்டிரைவரால் இயங்கும் உலாவி தன்னை அப்படியே பக்கத்துக்கு அடையாளம் காட்டும். அதை மறைக்கும் தந்திரங்கள் இணையத்தில் நிறைய உண்டு, எதையும் தொட வேண்டாம் என்று இளைஞரிடம் சொன்னேன். அனுமதி எழுத்தில் வந்தது, இரண்டு நிபந்தனைகளோடு: ஓடிபி, கேப்ட்சா இரண்டையும் ஆள்தான் போட வேண்டும், சமர்ப்பிக்கும் பொத்தானை இணைப்புகளைப் பார்த்த பிறகு ஆள்தான் அழுத்த வேண்டும்.

கோப்புகளின் பெயர் மாறியது. விண்ணப்ப எண், மாணவர் பெயரின் முதல் பகுதி, ஆவண வகை மூன்றும் கோப்பின் பெயரிலேயே. இனி உலாவி ஃபோல்டரை மறைத்தாலும் திரையில் ஆள் தெரிவார். பெயரை மாற்றும் வேலையை நிரலிடம் விடாமல், மூலத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு கடைக்காரரே செய்தார்.

தொடர்ந்து நடந்தவை

முதல் ஓட்டம் நின்றுபோனது. படிவத்தில் கண்ணுக்குத் தெரிகிற ‘பதிவேற்று’ பொத்தான் வெறும் அலங்காரம். உண்மையான கோப்புப் பெட்டி அதன் பின்னால் மறைந்திருந்தது. இளைஞர் பழக்கத்தில் பொத்தானைச் சொடுக்கச் சொல்லியிருந்தார். உடனே தேர்வுச் சாளரம் திறந்து, வெப்டிரைவருக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மறைந்திருக்கும் பெட்டிக்கே முகவரியை அனுப்பியதும் சரியானது. மறைந்த கோப்புப் பெட்டியையும் வெப்டிரைவர் இயல்பாக ஏற்கும், மறைந்ததை ஏற்கக் கூடாது என்ற கண்டிப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்து ஒரு சின்ன விபரீதம். மதிப்பெண் பட்டியலுக்கான பெட்டி ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை ஏற்கும் வகை. இணைப்பு இடையில் அறுந்து, நிரல் மறுபடி முயன்றபோது, புதிய கோப்பு பழையதை மாற்றவில்லை, அதோடு சேர்ந்துகொண்டது. ஒரே பட்டியல் இரண்டு முறை. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் பெட்டியைக் காலி செய்யும் ஒரு வரி சேர்த்தோம். நிரலுக்கு உலாவி விட்டுவைத்திருந்த அந்த ஒரே உரிமை இங்கே உதவியது.

சோதனையையும் இறுக்கினோம். கோப்பை இணைத்ததும், பக்கம் பெற்ற கோப்பின் பெயரையும் பைட் அளவையும் நிரல் படித்து, வட்டில் இருப்பதோடு ஒப்பிடும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த விண்ணப்பத்தை வரைவாகவே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். பழைய கணினி திணறிய ஒரு பிற்பகலில் இரண்டு விண்ணப்பங்கள் இப்படி வரைவாக நின்றன. காலையில் பார்த்தால் ஸ்கேன் பாதியில் முடிந்த கோப்புகள். மேக்ரோவாக இருந்திருந்தால் அரைப் பக்கப் பாஸ்புக்கோடு சமர்ப்பித்திருக்கும்.

வெப்டிரைவர் திறக்கும் உலாவி, கடையின் தினசரிக் கணக்குகள் எதுவும் இல்லாத தனி புரொஃபைலில் ஓடுகிறது. வெளி நிரல் உலாவியை இயக்க விடும் பிழைதிருத்த வாசலை, கடையின் வழக்கமான குரோமிலேயே கட்டளைத் தேர்வால் திறந்து இணைக்க இளைஞர் ஒருமுறை பார்த்தார், நடக்கவில்லை. 2025-ல் வந்த குரோம் 136 முதல், வழக்கமான புரொஃபைலில் கட்டளைத் தேர்வால் அந்த வாசல் திறப்பதில்லை. குக்கிகளைத் திருடும் மென்பொருள்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டதால் கூகுள் எடுத்த முடிவு. இந்த முறை அவர் அதைக் குறை என்று சொல்லவில்லை, காரணத்தைக் கேட்டார்.

திருத்திய நான்கு விண்ணப்பங்களும் சரிபார்ப்பைத் தாண்டின. மற்றவை கடைசித் தேதிக்குள் போய்ச் சேர்ந்தன. பழைய வேகம் இல்லை. ஆள் பார்த்து அழுத்துவதற்கு நேரம் பிடிக்கிறது. கடைக்காரர் அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை

சமர்ப்பிக்கும் முன்பே பெற்றோர் பார்க்க வேண்டும். தவறைப் பிடித்தது மென்பொருளும் அல்ல, கடையும் அல்ல. தன் பாஸ்புக்கை அறிந்த ஒரு தாய். அடுத்த ஜூனிலிருந்து வரைவின் பிரிண்டைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகே சமர்ப்பிப்பது என்று கடை தீர்மானித்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, தாளை வாசித்துக் காட்டும் வேலையை இளைஞர் ஏற்றிருக்கிறார்.

ஸ்கேன்கள் சீசன் முடிந்தும் பழைய கணினியில் கிடந்தன, முந்தைய வருடங்களுடையதும் சேர்த்து. சேமித்து வைக்க யாரும் சம்மதம் கொடுத்ததில்லை. முடிவு அறிவித்ததும் அழிப்பது, அதுவரை பாஸ்வேர்ட் போட்ட ஒரே வட்டில் வைப்பது என்று எழுதிக்கொடுத்தேன். அழித்தது இந்த வருடம்தான் முதல் தடவை.

அறக்கட்டளையின் தளத்திலும் மாற்ற வேண்டியது உண்டு. கோப்பை ஏற்றியதும் பெயரை மட்டும் காட்டுகிறது. படத்தையே பெரிதாகக் காட்டி, பக்கத்திலேயே தட்டச்சான கணக்கு எண்ணையும் பெயரையும் வைத்தால் எந்தக் கடையிலும் ஆள் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கோப்பு கிடைத்துவிட்டால் அதன் உள்ளடக்கத்தைப் பக்கம் படித்துக் காட்டத் தடையே இல்லை. இதை எழுதிக் கொடுத்ததற்கு, அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது. எக்செலையும் கோப்புகளையும் ஒரே கட்டாக ஏற்றும் வசதி கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.